உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தால்?

ஒரு தொழிலாளியின் வேலைநீக்கம் செல்லாது, அவரை மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. நிர்வாகம் டெல்லிக்கு ஓடுகிறது. அங்கே மனு தள்ளுபடி. உடனே தொழிற்சங்க அலுவலகத்தில் இனிப்பு. "உச்ச நீதிமன்றமே நம்ம பக்கம் தீர்ப்பு சொல்லிருச்சு" என்று வாட்ஸ்அப்பில் தகவல் பறக்கிறது. வெற்றி உண்மைதான். ஆனால், தீர்ப்புச் சொன்னது உச்ச நீதிமன்றம் அல்ல.

பணி வழக்குகளில் டெல்லிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தாக்கல் செய்வது, அரசமைப்புச் சட்டம் 136-வது பிரிவின் கீழான சிறப்பு அனுமதி மனு. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த 90 நாட்களுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு அது. அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்புரிமை. பல மனுக்கள் முதல் விசாரணையிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். தலையிட விரும்பவில்லை, மனு தள்ளுபடி, நிலுவையில் உள்ள இதர மனுக்களும் முடித்துவைக்கப்படுகின்றன... உத்தரவில் இவ்வளவுதான் இருக்கும்.

இப்படிக் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால் என்ன பொருள்? 2000-ம் ஆண்டு குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக மாறிவிடாது. 141-வது பிரிவின்படி நாடெங்கும் கட்டுப்படுத்தும் சட்டமும் ஆகாது. காரணம் சொல்லித் தள்ளுபடி செய்திருந்தால், அதில் உள்ள சட்ட விளக்கம் மட்டும் எல்லோரையும் கட்டுப்படுத்தும். அனுமதி தந்து, மேல்முறையீடாக விசாரித்து முடித்தால்தான் கீழ்த் தீர்ப்பு மேல் தீர்ப்போடு இணையும். 2019-ல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கிலும் இதே நிலை உறுதியானது.

ஆகவே, வேறொரு மாநிலத்தில் அதே போன்ற வழக்கு நடத்தும் ஊழியர், இந்தத் தள்ளுபடியை உச்ச நீதிமன்றத்தின் முன்தீர்ப்பாகக் காட்ட முடியாது. டெல்லியில் தோற்றவருக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது: தீர்ப்பில் வெளிப்படையான பிழை இருந்தால், உயர் நீதிமன்றத்திலேயே மறுசீராய்வு கேட்கலாம். அது குறுகலான வழிதான். வழக்கை முதலிலிருந்து வாதாட அங்கே இடமில்லை.

வென்றவருக்கோ, கையில் இருக்கும் உயர் நீதிமன்ற உத்தரவு முழு பலத்தோடு நிற்கிறது. நிர்வாகம் அதை நிறைவேற்ற மறுத்தால், அவமதிப்பு மனு போட வேண்டிய இடமும் உயர் நீதிமன்றம்தான். அதற்கு 1971-ம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் கெடு ஓராண்டு. இனிப்பு கொடுத்த கையோடு உத்தரவு நகலை வாங்கிப் படியுங்கள். கெடு தேதியையும் குறித்துவையுங்கள்.