மழையத்து ரோட்டுக்கு ஒரு டயர்
(வண்டியும் வழியும் – 9)

மலையில் என்ன நடக்கிறது என்பதைத் தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகத்தில் நின்று ஆற்றின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் தண்ணீர் செங்காவியாக இறங்கி வரும். கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறையைத் தொட்டு, இங்கே அரபிக்கடலில் கலக்கின்றன. தோப்பில் முகமது மீரான் பிறந்த இந்த ஊரிலிருந்து புதுக்கடை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று பேச்சிப்பாறைக்குப் போகிற வண்டி அந்த ஆற்றை எதிர்த்து ஏறிப் போகிறது. காலையில் கடற்கரை மணல், பத்து மணிக்கு நெரிசல் பிடித்த தார்ரோடு, மதியம் ரப்பர் விளைக்குள் செம்மண் சேறு. மூன்றுக்கும் சேர்த்து அதே நாலு டயர்தான்.

ஜிம்னி, தார், பழைய ஜிப்ஸி, பொலிரோ வைத்திருக்கும் வாசகர்கள் இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. காட்டுவழிக்கும் ஆக வேண்டும், ஊர்வழிக்கும் ஆக வேண்டும் என்றால் எந்த டயரைப் போடுவது?

நான் முதலில் தவறாகத்தான் போட்டேன். அப்பா ஓட்டிய ஜீப் என் கைக்கு வந்தபோது, பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயர் நாலு வாங்கி மாட்டினேன். பக்கவாட்டில் எம்/டி என்று எழுதியிருக்கும் வகை. பார்க்க யானைக்கால் மாதிரி இருந்தது. அந்த வருடத்து மழையில் புதுக்கடையிலிருந்து குழித்துறைக்குப் போகும்போது முன்னால் ஒரு மீன்வண்டி. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் தாரில் சொட்டிக்கொண்டே போகிறது. வளைவில் அது நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, பெட்டியைப் போல் நேராக வழுக்கிக்கொண்டே போனது. ஓரத்தில் மண் திட்டு ஒன்று இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் வேகம் நாற்பதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் நான் போய் நின்ற பஞ்சர் கடையில் இருந்த பெரியவர் டயரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டுக் கேட்டார். "மக்களே, நீ சேத்துல எத்தன நாளு ஓட்டுவ? மழையத்துத் தாருல எத்தன நாளு ஓட்டுவ?"

எண்ணிப் பார்த்தேன். அந்த வருடம் சேற்றில் இறங்கியது பதினோரு நாள். மழையத்து ரோட்டில் ஓட்டிய நாளுக்குக் கணக்கே இல்லை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களுக்கு எழுதப்பட்ட டயர் யோசனை எங்களுக்கு அப்படியே பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

சேற்று டயர் தாரில் ஏன் வழுக்குகிறது? அதன் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். சேறு அந்தப் பள்ளத்தில் நிரம்பும், சக்கரம் வேகமாகச் சுற்றும்போது தெறித்து வெளியே போகும், பட்டன் மறுபடியும் புது மண்ணைக் கடிக்கும். சேற்றுக்கு அது அருமையான ஏற்பாடு. தாரில் பிடிப்பு தருவதோ ரப்பர் ரோட்டைத் தொடும் பரப்பும், பட்டன்மேல் பிளேடால் கீறினாற்போல் இருக்கும் மெல்லிய வெட்டுகளும். ரோட்டில் படிந்திருக்கும் தண்ணீர்ப் படலத்தை அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் துடைத்து எடுக்கின்றன. சேற்று டயரில் தொடும் பரப்பும் குறைவு, வெட்டும் குறைவு. உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது வளைந்து நெளியும். எடையும் கூடுதல், சத்தமும் கூடுதல். ஜன்னலை ஏற்றிவிட்டாலும் தேனீக்கூட்டம் கூடவே வருவது போல் ஓர் இரைச்சல்.

மறுபக்கம், புதுக் காரோடு வரும் எச்/டி வகை நெடுஞ்சாலை டயர். தாரில் சுகம். ஆனால் ரப்பர் விளைப் பாதையில் மழைக்குப் பிறகு ஏறிப் பாருங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் ஈரமானால் சோப்பு, காய்ந்தால் சரல். சோப்பில் அதன் மெல்லிய கோடுகள் ஒரே சுற்றில் அடைத்துக்கொண்டு டயர் மொட்டையாகிவிடும். சரலில் அதன் பக்கச்சுவர் கிழியும். நடுப்பகுதியில் பட்ட ஓட்டையை ஒட்டிச் சரிசெய்யலாம். பக்கச்சுவர் கிழிந்தால் டயரை மாற்றத்தான் வேண்டும். ஆகையால் கடையில் எல்லோரும் பட்டனைத் தடவிப் பார்க்கும்போது நான் பக்கச்சுவரைத்தான் முதலில் அமுக்கிப் பார்ப்பேன்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது எல்லா வழிக்குமான ஏ/டி வகை. 1976-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் இந்த வகையில் ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. ரேடியல் வருவதற்கு முன் நம் ஜீப்புகள் பெரும்பாலும் ஓடியது 6.00-16 அளவு நைலான் டயரில். தாரில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டால் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். ஏ/டி டயரில் பட்டன் உண்டு, ஆனால் நெருக்கமாக. வெட்டும் உண்டு. சேற்றில் எம்/டி போகும் கடைசிப் பத்தடிக்கு இது போகாது. அந்தப் பத்தடியை விட்டுக்கொடுத்துவிட்டு மழையத்து ரோட்டில் பிடிப்பை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் தீர்மானம். ஏ/டி வகைக்குள்ளும் மிதமானது, முரட்டுத்தனமானது என்று இருக்கிறது. குமரிக்கு மிதமானதே போதும்.

மணலைப் பற்றித்தான் அதிகப் பேர் தவறாக நினைத்திருக்கிறார்கள். பெரிய பட்டன் இருந்தால் மணலில் போகும் என்று நம்புகிறார்கள். அது மணலைத் தோண்டித் தன்னையே புதைத்துக்கொள்ளும். மணலில் வண்டி மிதக்க வேண்டும், மிதப்பதற்குக் காற்றைக் குறைக்க வேண்டும். முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ. வைத்திருப்பதைப் பதினாறு, பதினெட்டுக்குக் கொண்டுவந்தால் டயரின் அடிப்பாகம் நீளவாக்கில் படுத்துப் பரவும். எச்/டி டயர்கூட மணலில் நடந்து போய்விடும். அதற்கும் கீழே இறக்கினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே கடற்கரை என்பது வள்ளம் ஏற்றும் இடம், வலை காயும் இடம், கரமடி வலை இழுப்பவர்கள் கால் ஊன்றும் இடம். மீன் ஏற்றப் போகிற வண்டிக்கு அங்கே வேலை இருக்கிறது. டயரின் வலுவைச் சோதித்துப் பார்ப்பதற்கு அது இடமில்லை. எத்தனை வலை கிழிந்தது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

குறைத்த காற்றைத் தாருக்கு ஏறும் முன்பே திரும்ப நிரப்பியாக வேண்டும். இதில் சோம்பல் கூடாது. தண்ணீர் நிற்கும் ரோட்டில் எந்த வேகத்தில் சக்கரம் ரோட்டை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்று 1960-களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்து ஆராய்ந்தது. கிடைத்த விதி எளியது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு அந்த வேகம் கூடும், குறையும். பட்டன் தேய்ந்த டயருக்கு அந்தக் கணக்கைப் போட்டால், முப்பத்தைந்து காற்றில் மணிக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டரில் மிதக்கும் சக்கரம், பதினாறு காற்றில் 67 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். மார்த்தாண்டம் பக்கம் மழையில் பலரும் போகும் வேகம்தான் அது. காற்று குறைந்த டயர் பக்கச்சுவரில் மடிந்து மடிந்து சூடேறுவது இன்னொரு கேடு. சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் சின்னக் காற்றடிப்பான் ஒன்று வண்டியில் எப்போதும் கிடக்கட்டும்.

இனி அளவு. ஜிம்னியோடு வருவது 195/80 ஆர்15. அதன் விட்டம் கணக்குப்படி 693 மில்லிமீட்டர். பலரும் மாற்றிப் போடுவது பொலிரோவின் அளவான 215/75 ஆர்15, அதன் விட்டம் 703.5. ஒன்றரை சதவீத வித்தியாசம், பெரிதாக ஒன்றும் கெடாது. ஆசை மேலும் வளர்ந்து 235/75-க்குப் போனால் விட்டம் 733.5 ஆகிவிடும். மீட்டர் அறுபது காட்டும்போது வண்டி அறுபத்து மூன்றரையில் போய்க்கொண்டிருக்கும். இழுவை குறையும், பிரேக் அதே பழைய பிரேக், திருப்பும்போது சக்கரக்கூட்டில் உரசும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு காப்பீட்டுக்காரர் அளப்பது உங்கள் டயரைத்தான்.

பக்கச்சுவரில் அளவை அடுத்து 96எஸ் என்பது போல் ஒன்று இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் 180 கிலோமீட்டர் வேகம் வரை. சேற்று டயர் பலவற்றில் கியூ இருக்கும், அது 160. வேகம் நமக்குப் பொருட்டில்லை, எடை எண் மட்டும் பழைய டயரினுடையதைவிடக் குறையவே கூடாது. நாலிலக்க எண் ஒன்றும் தேடுங்கள். 2324 என்றால் 2024-இன் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்தது. கடையில் மூன்று வருடம் வெயில் காய்ந்த டயரைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றாலும் வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக்கூடாது. நான் மூன்று மில்லிமீட்டரிலேயே, இடவப்பாதிக்கு முன், மாற்றிவிடுவேன்.

ஈரத்தில் பிடிப்பு எப்படி என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2022 அக்டோபரிலிருந்து புதிதாக வடிவமைக்கும் டயர்களுக்கு ஈரரோட்டுப் பிடிப்புச் சோதனையை இந்திய அரசு கட்டாயமாக்கியது. நாம் கேட்கக் கேட்கத்தான் அது கடைப்பேச்சிலும் வரும்.

போன மாதம் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் விளையிலிருந்து இறங்கி, தார் தொடங்கும் இடத்தில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பால்வெட்டு முடித்து வாளியோடு வந்தவர் பக்கத்தில் நின்றார். மரங்களில் சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன. புகைப்புரையிலிருந்து ஷீட் வாசனை வந்துகொண்டிருந்தது. டயரை விரலால் குத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சாறே, இதுல நம்ம பாலு எவ்வளவு உண்டு?"

கார் டயர் எடையில் இயற்கை ரப்பர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, லாரி டயரில் மூன்றில் ஒரு பங்கு என்றேன். கிழியாமல் தாங்குவதும் அதிகம் சூடேறாமல் இருப்பதும் மரத்துப் பாலின் குணம். ஈரத்தில் பிடிப்பதற்குச் செயற்கை ரப்பரும் சிலிக்காவும் அதோடு சேர்கின்றன. டயர் ஒன்று பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டால் இரண்டு கிலோ நம்முடையது. நல்ல மரம் வருடத்துக்கு ஐந்து கிலோ ரப்பர் தரும். ஸ்டெப்னியோடு ஐந்து டயருக்கு இரண்டு மரத்தின் ஒரு வருடத்துப் பால்.

அவர் திரும்பி விளையைப் பார்த்தார். "அந்த ரண்டும்னு வச்சுக்கிடுங்கோ" என்று வரப்போரத்தில் நின்ற இரண்டு மரங்களைக் காட்டினார். பட்டை முழுக்கப் பழைய வெட்டுத் தழும்பு. காற்றடிப்பான் முப்பத்திரண்டைத் தொட்டு நின்றது. மலைக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது.