ஜாக்கி வைத்துத் தூக்கிய ஊர்

1860, சிகாகோவின் லேக் தெரு. 320 அடி நீளத்துக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய கட்டட வரிசை. எடை சுமார் 35,000 டன் என்று கணக்கிட்டார்கள். அடியில் 6,000 திருகு ஜாக்கிகள், அவற்றைத் திருக 600 ஆட்கள். ஐந்தே நாளில் மொத்த வரிசையும் 4 அடி 8 அங்குலம் மேலே வந்துவிட்டது. உள்ளே கடைகளில் வியாபாரம் ஒரு நாளும் நிற்கவில்லை.

இந்தக் கூத்துக்குக் காரணம் சாக்கடை.

1850-ல் ஏறக்குறைய 30,000 பேர் இருந்த ஊர், பத்தே வருடத்தில் லட்சத்தைத் தாண்டியது. மிச்சிகன் ஏரி மட்டத்துக்குச் சில அடியே மேலே, தட்டையான சதுப்பு நிலம். மழை பெய்தால் வண்டிச் சக்கரம் சேற்றில் புதையும். கழிவு நின்ற இடத்திலேயே நாறும். 1854-ல் காலரா ஏறத்தாழ 1,400 பேரைக் கொண்டுபோனது. மறுவருடமே பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரை வரவழைத்தார்கள்.

குழாயைப் புதைத்தால் நீர் ஓட வாட்டம் கிடைக்காது. ஆகவே தெருவின் மேலேயே குழாயைப் போட்டு, அதன்மேல் மண் கொட்டித் தெருவையே உயர்த்தச் சொன்னார் செஸ்ப்ரோ. தெரு ஏறியதும் வீடுகள் பள்ளத்தில் நின்றன. வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மர வீடுகள் பலவற்றை உருளைக் கட்டைமேல் ஏற்றி வேறு தெருவுக்கு இழுத்துப் போனார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உயர்த்தவில்லை. அதனால் நடைபாதையில் நாலு படி ஏறுவதும் அடுத்த கடைக்கு நாலு படி இறங்குவதுமாகப் பல வருடம் போனது.

சாக்கடை சிகாகோ ஆற்றில் விழுந்தது, ஆறு ஏரியில் கலந்தது, ஏரிதான் குடிநீர். இதை யோசிக்காமலா திட்டம் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். யோசித்தார்கள், ஏரி பெரியது என்று நம்பினார்கள். பிறகு ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் தோண்டி, 1867 முதல் தூரத்து நீரை எடுத்தார்கள். பெருமழையில் கழிவு அங்கும் போய்ச் சேர்ந்தது. இறைச்சிக்கூடங்களின் ரத்தமும் குடலும் விழுந்த ஆற்றின் ஒரு கிளையில் வாயு கொப்பளித்து வந்ததால் அதற்குக் குமிழி ஓடை என்றே பெயர்.

கடைசியில் ஆற்றையே திருப்பினார்கள். 28 மைல் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில், நீதிமன்றத் தடை வந்துவிடுமோ என்ற அவசரத்தில் திறந்தார்கள். சிகாகோவின் கழிவு இப்போது மிசிசிப்பி வழியே செயின்ட் லூயிஸ் பக்கம் போனது. அந்த ஊர் இருக்கும் மிசூரி மாநிலம், இந்தக் கழிவால் டைஃபாய்டு பரவுகிறது என்று வழக்குப் போட்டது. டைஃபாய்டு இதனால்தான் வந்தது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1906-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மிசூரி ஊர்களும் தங்கள் சாக்கடையை ஆற்றில்தான் விடுகின்றன என்பதையும் நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பில் எழுதிவைத்தார்.