அரைப் பேரும் முழுப் பாரமும்

“சாமி, காய்ச்சலும் இல்லை, வெட்டுக்காயமும் இல்லை. ஆனால் மலைக்குப் போகக் கால் வருகுதில்லை. கூடையைத் தூக்கினாலே நெஞ்சு படபடக்குது. ராவைக்குத் தூக்கமும் இல்லை.”

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பின்பு, ஒரு தாய் நம்மிடம் இப்படிச் சொன்னார். மண்சரிவு அபாயம் என்று லயத்தை விட்டு எழுப்பப்பட்ட குடும்பம் அவருடையது. லயத்துக்குப் பின்னால் கோவாவும் போஞ்சியும் போட்டிருந்த நிலமும் அத்தோடு கைவிட்டுப் போயிற்று. இப்பொழுது உறவினரின் காம்பராவில் ஏழு பேராக ஒண்டிக்கொண்டு, கொழுந்து மலைக்குப் போகிறார்.

அக்கம் பக்கத்தார் காத்துக் கருப்பு பட்டிருக்கும் என்றார்கள். கணவர் சோம்பல் என்றார். டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். நாமும் அன்று தலையில் கை வைத்துச் செபித்து அனுப்பியதோடு சரி. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது.

காலை நான்கு மணிக்கு அடுப்பு. ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. மலையில் ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அட்டைக்கடி, மழை, கங்காணியின் ஏச்சு. பின்னேரம் மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடித்து, விறகும் சுமந்து வந்தால் மறுபடியும் அதே அடுப்பு. ஆண்கள் தங்கள் கணக்கு வேலையைப் பெரும்பாலும் பகலோடு முடித்துவிடுகிறார்கள். 1984இல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்தது பெரிய வெற்றிதான். ஆனால் வேலை நேரம் சமமாகவில்லை. வீட்டு வேலையோ எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை.

இத்தனைக்கும் மேலே நிற்பது கிலோ. தோட்டத்துக்குத் தோட்டம் அது பதினாறு, பதினெட்டு, இருபது என்று மாறும். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவானபோது நாமும் மகிழ்ந்தோம். சம்பளம் ஏறிய கையோடு பல தோட்டங்களில் கிலோவும் ஏறியது. அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியது என்றாலும் செடி உடனே தளிர்த்து விடுமா? புல் இடுப்பளவு நின்றது, கொழுந்து குறைந்தது, அரைப் பேர் கூடியது. 2022இல் மாவின் விலையும் பருப்பின் விலையும் ஏறிய கதையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. 2025 நவம்பரில் அதை 1,750 ஆக்கும் யோசனை வரவுசெலவுத் திட்டத்தில் வைக்கப்பட்டது. பேர் விழுகிற நாளுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். மனம் சோர்ந்து மலைக்குப் போக முடியாத நாளுக்குக் கணக்கில் ஒன்றுமில்லை.

சம்பளம் போதாத இடத்தில் கடன் நுழைகிறது. நுண்கடன் கம்பனிகள் பெண்களைத்தான் தேடி வந்தன. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே கம்பனிக்காரருக்கு முன்பே அயல்வீட்டுக்காரியே வாசலில் வந்து நிற்கிறாள். தவணைக் கிழமை நெருங்கும்போது நித்திரை போவதில் என்ன வியப்பு?

நிலத்தை விட்டு வந்த உங்களுக்கு இன்னொரு நோவும் உண்டு. சொந்தப் பாத்தியில் மிளகாய் நட்ட பெண், வெலிமடையிலோ பண்டாரவளையிலோ பிறர் காணியில் கூலிக்குக் கிழங்கு கிண்டும்போது சம்பளம் மட்டுமா குறைகிறது? என்ன நடுவது, எப்போது நடுவது என்று தீர்மானித்த கை அது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்தபின், தப்பியவர்கள் புது வீடுகளுக்குப் போக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் மழை இருட்டினாலே நடுங்குகிறவர்களைப் பார்த்தோம். அதையும் பலர் பயந்த சுபாவம் என்றே சொன்னார்கள்.

எலியாஸ் தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். தேவதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டார். குருமடத்தில் இந்தப் பகுதியைப் பரீட்சைக்காகப் படித்தோம். அதன் பொருளை லயத்து வாசலில்தான் படித்தோம்.

ஒரு காரியத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். 1990களின் நடுவில் தற்கொலை வீதத்தில் நமது நாடு உலகின் முன்வரிசையில் நின்றது. 1995 முதல் கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டபின் சாவுகள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டிய இடத்தில் நஞ்சு இல்லாததால், அந்த ஒரு கணம் கடந்து பிழைத்தவர்கள் ஏராளம். ஆகவே மரக்கறிக்கு அடிக்கும் மருந்தைக் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பொலிஸ் வரும் என்று சிலர் இன்னும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டு விட்டது.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. தொலைபேசியில் 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தோடு பேசலாம். வீட்டில் அடிதடி என்றால் பெண்களுக்கான இலக்கம் 1938. சிங்களம் தெரியாதவர்கள் கிளினிக்குக்குத் துணையோடு போவது நல்லது. வருத்தத்தை வாய்விட்டுச் சொல்வதே கடினம், அதை அந்நிய மொழியில் யார் சொல்வது?

அந்தத் தாயைக் கிளினிக்குக்கு நமது பங்கின் மாதர் சங்கத்துப் பெண் ஒருவர் கூட்டிப் போனார். மருந்து கொடுத்தார்கள், பேசவும் வைத்தார்கள். இப்பொழுது ஓரளவு தூங்குகிறார். மூத்த மகன் விறகு கொண்டுவருகிறான். கணவர் காலையில் சாயத்தண்ணியாவது போடுகிறார், முகம் சுளித்துக்கொண்டுதான். கிளினிக் நாளில் ஒரு பேர் போய்விடுகிறது, அதுதான் இன்னும் அவருக்குப் பெரிய கவலை. அந்த நாளைக் கைவிடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பேசுவதற்காகத் துரையிடம் நேரம் கேட்டிருக்கிறோம். மாதர் சங்கத்திலிருந்து நான்கு பேர் நம்மோடு வருகிறார்கள்.