குரோமியத் தோற்ற வண்ணப்பூச்சு

குரோமியத் தோற்ற வண்ணப்பூச்சு என்பது மகிழுந்தின் கிரில், சன்னல் ஓரப்பட்டை போன்ற பாகங்களுக்குத் தெளிப்பு வண்ணத்தால் உலோகப் பளபளப்பு தரும் முறை ஆகும். உண்மையான குரோமிய முலாம் மின்பகுப்பு முறையில் பூசப்படுகிறது. அதில் நெடுங்காலம் பயன்பட்டுவரும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் அது வீட்டில் செய்யத்தக்கதன்று. தெளிப்பு வண்ணத்தில் நுண்ணிய அலுமினியச் செதில்களே பொதுவாக ஒளியை எதிரொளிக்கின்றன.

செய்முறை

பாகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் அதன்மேல் பளபளப்பான கறுப்பு வண்ணமும் பூசி முழுமையாக உலரவிட வேண்டும். இந்த அடித்தளத்தில் உள்ள சிறு கீறலும் வெளியே தெரியும். பின்னர் குரோமிய நிற வண்ணத்தை மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். தடித்தால் சாம்பல் நிறமாக மங்கும். நிறமற்ற மேற்பூச்சு பளபளப்பைச் சற்றுக் குறைக்கும். அதைத் தவிர்த்தால் வண்ணம் கைபட்டே தேயும். காற்றோட்டமான இடமும் ஆவி வடிகட்டும் முகமூடியும் தேவை.