மக்கும் என்றால், எங்கே மக்கும்?

உடப்புக் கரையோரத்தில் நடந்த மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு சகோதரி தன் பையிலிருந்து நாற்றுச்சாடி ஒன்றை எடுத்து வைத்தார்.

"மிஸ், மக்குற பிளாஸ்டிக்னு சொல்லித்தான் வித்தாங்க. ஒரு வருஷமா மண்ணுக்குள்ள கிடந்தும் அப்படியே இருக்கு."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பின்னர் தேடிப் படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மக்கும் பிளாஸ்டிக் வகைகளில் பெயர்பெற்றது பி.எல்.ஏ. சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். போர்த்துக்கல் நாட்டில் கோர்க் மரத்தை வெட்டாமல், 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் பட்டையை மட்டும் உரித்துப் போத்தல் தக்கை செய்கிறார்கள். அதில் மிஞ்சும் தூளை இத்தகைய பிளாஸ்டிக்குடன் கலந்து புதிய பொருட்களும் செய்கிறார்கள். கழிவும் பயன்படுகிறது, பிளாஸ்டிக்கின் அளவும் குறைகிறது.

ஆனால், பி.எல்.ஏ. விரைவாக மக்குவதற்கு ஈரமும் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பமும் கொண்ட பெரிய பசளைக்கூடம் வேண்டும். வீட்டுத்தோட்டத்து மண்ணிலும் கடல்நீரிலும் அது வருடக்கணக்கில் கிடக்கும்.

நமக்குக் கோர்க் மரம் இல்லை, தென்னை இருக்கிறது. புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்களைத்தானே தென்னை முக்கோணம் என்கிறோம்! தும்பு உப்புநீரில் எளிதில் உக்காது. அதனால்தான் முன்பு கரைவலைக்குத் தும்புக்கயிறு கட்டினார்கள். தும்பில் இறப்பர் பாலைத் தெளித்து மெத்தையும் பூச்சாடியும் செய்வது நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிறது. தும்பும் இறப்பர் பாலும் மரம் தந்தவையே. அதே தும்பைச் சாதாரண பிளாஸ்டிக்கில் கலந்தால், தும்பு மக்கினாலும் பிளாஸ்டிக் துகள்களாக மிஞ்சும்.

துகள் என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. மீன் வாங்கவே மக்கள் தயங்கிய அந்நாட்களில் எத்தனை அடுப்புகள் எரியாமல் கிடந்தன!

ஆகவே சகோதரிகளே, "மக்கும்" என்று எழுதிய எதையும் வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதில் என்ன கலந்திருக்கிறது? இது எங்கே மக்கும்? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், காசை முந்தானையிலேயே முடிந்துகொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி இம்முறை மிளகாய் நாற்றுகளைச் சிரட்டைகளில் வைத்திருக்கிறார். அதற்கு அவர் ஒரு சதமும் செலவழிக்கவில்லை.