ஐரோப்பா குவிஸ், ஆனா சித்தேரி மலையில

இன்னைக்கு எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி, பேனா. இந்த அஞ்சுக்கும் பொதுவான ஐரோப்பிய நாடு எது? பத்து செகண்ட் யோசிங்க. கூகுள் வேண்டாம்.

பதில், போர்ச்சுகல். அஞ்சுமே போர்த்துகீசிய மொழியில இருந்து நம்ம வாய்க்கு வந்த வார்த்தைகள். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு பக்கம் வந்து இறங்கினது 1498-ல. அதுக்கப்புறம் கப்பலும் வியாபாரமும் பாதிரிமார்களும் வர வர, வார்த்தைகளும் கூடவே இறங்கிச்சு. சாளரம்னு நம்மகிட்ட ஏற்கெனவே வார்த்தை இருந்தது, திறவுகோலும் இருந்தது. ஆனா பேச்சுல ஜெயிச்சது ஜன்னலும் சாவியும்தான்.

இப்படி ஒரு குவிஸை ஏன் தேடிப் போனோம்னு சொல்றேன். எங்க ட்ரிப் கேங்ல 12 பேர். எல்லாருமே ஊர் சுத்துறதுல பைத்தியம். ராத்திரி ஆனா யாராவது ஐரோப்பா குவிஸ் ஆரம்பிப்பாங்க. எஸ்டோனியா தலைநகரம் எது, ஈபிள் டவர் எந்த வருஷம் கட்டினது, இந்த மாதிரி. இதுல ஒரு சிக்கல் இருக்கு. விசா வாங்கி ஐரோப்பா போயிட்டு வந்த ரெண்டு பேர் மட்டும் பதில் சொல்லிட்டே இருப்பாங்க. மத்தவங்க போனை நோண்டுவாங்க. தெரிஞ்சா தெரியும், தெரியலைன்னா அவ்வளவுதான். யோசிச்சுக் கண்டுபிடிக்க அதுல எதுவுமே இல்லை.

போன ட்ரிப் தர்மபுரி மாவட்டத்துல இருக்கிற சித்தேரிக்கு. அரூர் பக்கத்துல, கிழக்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற ஊர். நாங்க தங்கின இடத்துல சிக்னல் சுத்தமா இல்லை. அதனால குவிஸ் விதிகளையே மாத்திட்டோம். மூணே விதி.

முதல் விதி, பதில் யோசிச்சா எட்டுற தூரத்துல இருக்கணும். உதாரணத்துக்கு இது: "பறவை உடம்புல இருந்து வந்தேன், உன் சட்டைப் பையில இருக்கேன். நான் யார்?" பேனா. போர்த்துகீசியத்துல 'பேனா'ன்னா இறகு. ஒரு காலத்துல இறகுல மை தொட்டுதானே எழுதினாங்க! இதைக் கண்டுபிடிக்க லிஸ்பன் போயிருக்கவே வேண்டாம்.

இரண்டாவது விதி, ஒரு கேள்விக்கு ஒரே பதில். இது எங்க கோடிங் புத்தி. "ஐரோப்பாவிலேயே பெரிய நாடு எது?"ன்னு கேட்டா ரஷ்யான்னு ஒருத்தர் சொல்வார், அதுல பாதிக்கு மேல ஆசியாவுல இருக்குன்னு இன்னொருத்தர் கிளம்புவார், உக்ரைன்தான்னு மூணாவது ஆள் வருவார். அரைமணி நேரம் போச்சு.

மூணாவது விதிதான் முக்கியம். ஐரோப்பாவையும் நம்ம ஊரையும் ஒரே கேள்விக்குள்ள கொண்டு வரணும். சில சாம்பிள் தர்றேன், உங்க ட்ரிப்ல எடுத்துக்கோங்க.

"டென்மார்க்காரங்க கோட்டை கட்டின தமிழ்நாட்டு ஊர் எது?" தரங்கம்பாடி. 1620-ல வந்தவங்க, 1845-ல ஆங்கிலேயர்கிட்ட வித்துட்டுக் கிளம்பினாங்க. டேன்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்துட்டு நிக்குது.

"துட்டு எந்த நாட்டுக் காசு?" நெதர்லாந்து. டச்சுக்காரங்களோட செப்புக் காசுக்குப் பேர் 'டொய்ட்'. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவங்க கையில இருந்த காலத்துல புழங்கின காசு. இன்னைக்கும் பர்ஸ் காலியானா "துட்டு இல்லை மச்சி"ன்னுதானே சொல்றோம்!

"தமிழ் மொழி முதல்முதலா அச்சுல ஏறினது எந்த நகரத்துல?" சென்னை இல்லை, லிஸ்பன். 1554-ல, ரோமன் எழுத்துல. தமிழ் எழுத்துலயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல கொல்லத்துல வந்தது.

"கிளாஸ்கோவையும் தர்மபுரியையும் இணைக்கிற ஆள் யார்?" தாமஸ் மன்றோ. கிளாஸ்கோவுல பிறந்தவர். 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்தான் அது. அங்கே 1799 வரைக்கும் நிலவரி வேலை பார்த்தார். சென்னை தீவுத்திடல் பக்கத்துல குதிரை மேல உட்கார்ந்திருக்கிற சிலை அவரோடதுதான்.

இந்த விதிகளால ஒரு நல்ல விஷயம் நடந்தது. நாங்க தங்கின வீட்டு அண்ணன் சும்மா வேடிக்கை பார்த்துட்டு இருந்தவர், சாவிக்கும் துட்டுக்கும் உள்ளே வந்துட்டார். தலைநகரக் கேள்வியா இருந்திருந்தா எங்களுக்கு டீ கொடுத்துட்டுப் படுக்கப் போயிருப்பார். கடைசில அவரே ஒரு கேள்வி போட்டார்: "எங்களை மலையாளின்னு சொல்றாங்க. எங்களுக்கு மலையாளம் தெரியாது. எப்படி?"

12 பேர்ல ஒருத்தருக்கும் தெரியலை. மலையாளிங்கிறது சித்தேரி, கல்வராயன், கொல்லிமலை, ஏற்காடு பக்கமெல்லாம் வாழ்ற பழங்குடி மக்களோட பேர். மலை, ஆளி. மலைக்காரங்கன்னு அர்த்தம். பேசுறது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்தாங்கன்னு அவங்க மரபுக் கதை சொல்லுது. கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் முடிச்சு போடுறவங்க நிறைய. ஒரு ஊருக்குப் போய், அந்த ஊர் மக்களோட பேரே தெரியாம தாலின்தான் எஸ்டோனியா தலைநகரம்னு சொல்லிட்டு இருந்தா, அது என்ன ட்ரிப்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். வார்த்தைப் புதிர்ல வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீங்க. கட்டுமரம் இங்கிலீஷ்ல 'கேட்டமரான்' ஆனது உறுதியான விஷயம். ஆனா அரிசியில இருந்துதான் 'ரைஸ்' வந்ததுங்கிறதுல ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரலை. அப்படிப்பட்டதைக் குவிஸ்ல வைக்காதீங்க. விளையாட்டாக் கேட்ட தப்பு, பத்து பேர் வாயில உண்மையா ஊருக்குத் திரும்பும்.

அடுத்த ட்ரிப்புக்கு ஆளுக்கு மூணு கேள்வி எழுதிட்டுப் போங்க. அதுல ஒண்ணு, போற ஊரைப் பத்தினதா இருக்கட்டும். கூடவே, தங்குற வீட்டுக்காரங்களையும் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!