கிளம்ப மறுக்கும் வண்டி

விடியற்காலையில் வாசலில் நின்று வண்டியின் கிக்கரை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. முதல் மிதி நம்பிக்கையோடு விழுகின்றது. பத்தாவது மிதியில் ஐயம் பிறக்கின்றது. முப்பதாவது மிதியில் சினம் கலந்துவிடுகின்றது. சினத்தோடு மிதிப்பவருக்கு எந்த எஞ்சினும் இரங்கியதாக நான் அறியேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, இரு வீச்சு எஞ்சின் கிளம்பாதபோது அதன் குறையைக் கண்டறியும் முறை. பட்டறைகளில் டூ ஸ்ட்ரோக் என்று வழங்குவது இதைத்தான். தொழிற்பயிற்சிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் எஞ்சின் பாடம் நடத்தியவன் நான். ஆயினும் இந்தப் பேச்சில் பெரும்பகுதி, ஓய்வு பெற்ற பின்னர் நான் செய்த ஒரு பிழையிலிருந்து கற்றுக்கொண்டது.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். பழைய மொபெட் ஒன்றின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள்தோறும் நாற்பது வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர். ஓர் ஐப்பசி மாதத்தில் அவர் மூன்று நாட்கள் தொடர்ந்து தாமதமாக வந்தார். மிதிவண்டியில் கேன்களைக் கட்டிக்கொண்டு அவர் மகன் தள்ளிக்கொண்டு வந்தான். நேரம் கடந்ததால் பாதிப் பால் திரிந்து போயிருந்தது.

"வண்டி கிளம்பமாட்டேன் என்கிறது, வாத்தியாரையா. பிளக் புதிதாகப் போட்டேன். கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவியாயிற்று. இப்போது எஞ்சினைப் பிரித்துப் போர் போடவேண்டும் என்கிறார்கள். இரண்டு மாதப் பால் பணம் அதற்கே போய்விடும். பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார். பேச்சின் இடையே, "ஆடியிலிருந்தே மேட்டில் ஏறத் திணறிக்கொண்டுதான் இருந்தது" என்றும் சொன்னார். நான் அந்தச் சொல்லைக் காதில் வாங்கினேன், கருத்தில் வாங்கவில்லை. வண்டியை என் வீட்டுக்குத் தள்ளிவரச் சொன்னேன்.

எஞ்சினைச் சோதிப்பதற்கு முன் அது வேலை செய்யும் விதத்தை அறிதல் வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டுப் பொறியாளர் டுகால்ட் கிளார்க் 1881ஆம் ஆண்டில் இரு வீச்சு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் பத்தாண்டுகளுக்குப் பின்னர் அதனை இன்னும் எளிதாக்கினார். பிஸ்டனுக்குக் கீழே கிராங்கு சுழலும் அறையையே கலவையை உள்ளிழுக்கும் பம்பாக அவர் பயன்படுத்திக்கொண்டார். நம் மொபெட்டுகளும் ஸ்கூட்டர்களும் பல காலம் ஓடியது இந்த அமைப்பில்தான்.

பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைக்கு மேலுள்ள கலவை அழுத்தப்படுகின்றது. அதே வேளையில் கீழறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து புதிய கலவை உள்ளே வருகின்றது. உச்சியில் பிளக் பொறி விடுகின்றது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. இறங்கும் வழியில் பிஸ்டன் முதலில் புகை வெளியேறும் வாயிலைத் திறக்கின்றது. அடுத்து, கீழறையில் அழுந்தியிருக்கும் புதிய கலவை மேலே வரும் வாயிலைத் திறக்கின்றது. புகை போக, புதியது வர, இரண்டும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஆகவே கிராங்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எஞ்சினுக்கு உந்து சக்தி கிடைக்கின்றது. நான்கு வீச்சு எஞ்சினிலோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அது கிடைக்கும்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. கீழறை வழியாகப் பெட்ரோல் கலவை போவதால், அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்தே உள்ளே சென்று, உறுப்புகளை வழவழப்பாக்கிவிட்டுப் பின் எரிந்து புகையாகின்றது. இந்தப் புகையின் காரணமாகவே மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகியபோது சாலை வண்டிகளில் நான்கு வீச்சு எஞ்சின் இடம் பிடித்தது. எனினும் இளநீர்க் குலையும் மீன் கூடையும் பால் கேனும் சுமக்கும் பழைய வண்டிகள் ஊர்தோறும் இன்னும் இருக்கின்றன.

இனி, சோதனைக்கு வருவோம். எஞ்சின் கிளம்ப மூன்று பொருள்கள் வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்: எரிபொருள், பொறி, அழுத்தம். செலவில்லாத சோதனையை முதலில் செய்யவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், வண்டி கிளம்பினாலும் எதனால் கிளம்பிற்று என்பது தெரியாமற் போகும்.

முதலில் சாவியும் நிறுத்தும் சுவிட்சும் சரியான நிலையில் உள்ளனவா என்று பாருங்கள். பெட்ரோல் குழாய்த் திருகு திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். இதைக் கேட்டுச் சிரிக்கவேண்டா. பட்டறைக்குத் தள்ளிவரப்பட்ட வண்டிகளில் திருகு மூடியிருந்தவற்றை நான் பலமுறை கண்டிருக்கின்றேன். பின்னர்க் கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலைப் பிடியுங்கள். சிறிது வந்து நின்றுவிட்டால் டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். பிடித்ததை அசையாமல் வைத்து நோக்குங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது நீர். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 10 விழுக்காட்டை எட்டியது. பின்னர் அது 20 விழுக்காட்டை நோக்கி உயர்த்தப்பட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் வண்டியைப் பல வாரம் நிறுத்திவைப்பவர்கள் பழைய பெட்ரோலை வடித்துவிடுவது நன்று.

அடுத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது ஒரு கடிதம் போன்றது. படிக்கத் தெரிந்தால் உள்ளே நடந்ததைச் சொல்லும். பலமுறை மிதித்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் கலவை உள்ளே வரவில்லை. நனைந்திருந்தால் கலவை வந்திருக்கின்றது, எரியவில்லை. கரிய பிசுக்கு ஒட்டியிருந்தால் எண்ணெய் மிகுதி. நனைந்த பிளக்கைத் துடைத்து, பெட்ரோல் திருகை மூடி, ஆக்சிலேட்டரை முழுதும் திருகிப் பிடித்துக்கொண்டு, பிளக் இல்லாமலே பத்து முறை மிதித்தால் உள்ளே தேங்கியது வெளியேறும்.

பொறியைக் காண, பிளக்கை அதன் தொப்பியில் செருகி, அதன் இரும்பு உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்து மிதிக்கவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கை. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும். ஆகையால் பிளக்கைத் துளையின் அருகே வைக்காதீர்கள். சிந்திய பெட்ரோலை முன்னரே துடைத்து, சற்றுப் பொறுத்துச் செய்யுங்கள். வெறுங்கையால் பிளக்கைப் பிடிக்கவும் வேண்டா. நீலப் பொறி பளிச்சென்று தெறித்தால் நன்று. மஞ்சளாக மெலிந்திருந்தாலோ, தோன்றாமலே இருந்தாலோ தொப்பியையும் கம்பியையும் சுவிட்சையும் பார்த்த பின்னரே காயிலுக்குச் செல்லவேண்டும்.

மூன்றாவது அழுத்தம். பிளக் துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒருவரை மிதிக்கச் சொன்னால், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளிவரவேண்டும். இது தோராயமான சோதனைதான். திட்டமாக அறிய அழுத்தமானி வேண்டும். விரலைத் தள்ளும் விசையே இல்லையென்றால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கலாம்.

பெரியவரின் வண்டியில் இவை அனைத்தையும் செய்தேன். பெட்ரோல் தெளிவாக வந்தது. பிளக் நனைந்து கரிந்திருந்தது; துடைத்துப் பார்த்ததில் பொறி நீலமாகவே தெறித்தது. கட்டைவிரலைக் காற்று வலுவாகத் தள்ளியது. மூன்றும் சரியாக இருந்தன. வண்டியோ இருமுறை செருமிவிட்டு அடங்கிப்போயிற்று. கீழறையின் எண்ணெய்ச் சீல் தேய்ந்து காற்றுக் கசிகின்றது போலும் என்று நினைத்தேன். அதுவும் இரு வீச்சு எஞ்சினுக்கே உரிய நோய்தான். ஆனால் அதற்கு எஞ்சினை முழுவதும் பிரிக்கவேண்டும். "பிரித்துத்தான் பார்க்கவேண்டும், ஐயா" என்று சொல்லிவிட்டேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டு, "சரிங்க" என்றார். மறுநாள் பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொல்வதாக அவர் மகன் பின்னர் என்னிடம் கூறினான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு எஞ்சின் பார்ப்பவனுக்கும் பொருந்தும். நோயின் காரணத்தை ஆராயாமல் கைவைத்தல் கூடாது. நோயாளி சொன்ன வரலாற்றை நான் கேட்டேனா என்று எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் "ஆடியிலிருந்தே மேட்டில் திணறியது" என்ற சொல் நினைவுக்கு வந்தது. திடீரென்று வந்த நோயன்று இது. மூன்று மாதமாக வளர்ந்த நோய். மெல்ல மெல்ல வளர்வது எது?

விடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். "எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள், ஐயா?" என்று கேட்டேன். "பாரம் இழுக்கிற வண்டி ஆயிற்றே என்று லிட்டருக்கு மூன்று மூடி ஊற்றுகிறேன். எண்ணெய் கூட இருந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே?" என்றார். அந்த வண்டிக்கு உரிய அளவு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய்; லிட்டருக்கு 20 மில்லி லிட்டர். அது ஒரு மூடி அளவு. அவர் ஊற்றியதோ அதன் மும்மடங்கு.

சைலன்சரை எஞ்சினோடு இணைக்கும் நட்டுகளைக் கழற்றி, குழாயை விலக்கிவிட்டு, மகனை மிதிக்கச் சொன்னேன். மூன்றாவது மிதியில் எஞ்சின் தெருவே அதிரும்படி முழங்கிக் கிளம்பிற்று. உடனே நிறுத்தினோம். சைலன்சரின் உள்குழாயை உருவிப் பார்த்தபோது, எரியாத எண்ணெய் கரியாகி, கல்போல் இறுகி, வழியை ஏறக்குறைய மூடியிருந்தது. பழைய புகை வெளியே போக வழியில்லாததால் புதிய கலவை உள்ளே வர இடமில்லை. கம்பியால் சுரண்டித் தட்டிக் கரியை எடுத்தோம். பிஸ்டன் வாயிலை மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, சிலிண்டரின் புகை வாயிலில் படிந்ததை மரக்குச்சியால் நீக்கினோம். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் கீறல் விழும். பழைய கலவையை வடித்துவிட்டு உரிய அளவில் புதிதாகக் கலந்து ஊற்றினோம். செலவு, ஒரு கேஸ்கட்டின் விலை மட்டுமே. போர் தேயவில்லை, சீலும் கெடவில்லை.

நேயர்களே, மூன்று பொருள்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிவந்த நான், அதன் பின்னர் நான்கு என்று சொல்கின்றேன். எரிபொருள், பொறி, அழுத்தம், புகை போகும் வழி. இந்த நான்குக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது, வண்டியை ஓட்டுபவரை உட்காரவைத்துக் கேட்பது. எப்போது தொடங்கிற்று? திடீரென்றா, சிறிது சிறிதாகவா? அதற்கு முன் என்ன மாற்றினீர்கள்? எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? இக்கேள்விகளுக்கு ஸ்பானர் வேண்டா, பொறுமை வேண்டும். நாள்தோறும் அந்த வண்டியில் போகின்றவருக்கு அதன் மூச்சு தெரியும். அவர் சொல்லும் சொல் நம் நூலில் உள்ள சொல்லாக இராது. அதனாலேயே அதனைத் தள்ளிவிடுதல் ஆகாது.

மறுநாள் விடியலில் எங்கள் தெருவில் மீண்டும் அந்த மொபெட்டின் ஒலி கேட்டது. பெரியவர் பாலை ஊற்றிவிட்டு, "மேட்டில் நன்றாக இழுக்கிறது, வாத்தியாரையா" என்றார். இம்முறை அச்சொல்லை நான் கருத்தில் வாங்கிக்கொண்டேன்.